புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: ஆட்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவள் நான். டெய்லர் பக்கத்தில் நின்று பீஸை மடித்துக் கொடுக்கிற வேலை. அப்புறம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் டெய்லர், லைன் சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ் என்று 19 வருடம் ஓடிவிட்டது. இப்போது புது சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். தையல், குவாலிட்டி பற்றி வரும் சந்தேகங்களைவிட ஆட்களைப் பற்றி வரும் சந்தேகங்கள்தான் அதிகம். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

கத்தாமல் லைன் ஓட்ட முடியுமா?

முடியும். முதல் நான்கு வருடம் நானும் கத்தித்தான் ஓட்டினேன். கத்தினால் அன்றைக்குப் பீஸ் கொஞ்சம் கூடும், அது உண்மைதான். ஆனால் மறுநாளிலிருந்து டெய்லர் தப்பாகத் தைத்த பீஸை உங்கள் கண்ணில் படாமல் கட்டுக்கு அடியில் சொருக ஆரம்பிப்பார். பத்துப் பீஸில் நின்றிருக்க வேண்டிய தப்பு ஐந்நூறு பீஸ் ஆன பிறகு செக்கிங் டேபிளிலிருந்து திரும்பி வரும். அப்போது இன்னும் சத்தமாகக் கத்துவீர்கள்.

ஜப்பானில் டொயோட்டா கார் ஆலைகளில் லைன் ஓரமாக ஒரு கயிறு போட்டிருந்தார்கள். வேலையில் ஏதாவது கோளாறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். அந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு விஷயத்தை நம்பி இருக்கிறது: கயிற்றை இழுத்தவரிடம் வந்து நிற்கிறவர் முதலில் என்ன சொல்கிறார் என்பது. "எதுக்கு இழுத்த?" என்று ஒருமுறை அதட்டினால் போதும், அப்புறம் அந்தக் கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நம் கம்பெனிகளில் கயிறு கிடையாது. டெய்லர் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்க்கிறாரே, அந்தப் பார்வைதான் நமக்குக் கயிறு.

காதுகொடுத்துக் கேட்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

மிஷின் பக்கத்தில் நின்றபடி மேலிருந்து கீழே பார்த்துப் பேசாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், இரண்டு பேர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். போனை பாக்கெட்டில் போடுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நான் பார்த்தவரை முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்த ஐந்துக்குள்தான் வரும். "அவ்ளோதாங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, இன்னொண்ணு..." என்பார்கள். பிறகு, நீங்கள் கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "அப்போ, சாயங்காலம் பஸ்ஸுதான் பிரச்சினை, வேலை இல்ல, அப்படித்தானுங்க?" சரியென்றால் தலையாட்டுவார். தப்பென்றால் அவரே திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் விஷயம் இருக்கும்.

இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. சிகாகோ அருகில் ஹாதார்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெரிய ஆலை இருந்தது. 1928 முதல் 1930 வரை அங்கே 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார்கள். முதலில் கையில் கேள்வித்தாளோடுதான் போனார்கள். வெளிச்சம் போதுமா, மேற்பார்வையாளர் எப்படி என்று கேட்டால், தொழிலாளி ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வேறு எதையோ பேச ஆரம்பித்தார். அந்த "வேறு எதையோ" என்பதில்தான் சரக்கு இருக்கிறது என்று பேட்டி எடுத்தவர்களுக்குப் புரிந்தது. கேள்வித்தாளைத் தூக்கி வைத்துவிட்டு, அவர் போகிற வழியிலேயே போய்க் கேட்டார்கள். அரைமணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. நூறு வருடம் ஆகப்போகிறது, நாம் இன்னும் கேள்வித்தாளோடுதான் லைனுக்குள் போகிறோம். "டார்கெட் ஏன் வரல?" என்பதும் ஒரு கேள்வித்தாள்தான்.

என் லைனில் யாரும் எதுவும் சொல்வதில்லை. பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நான் முதலில் கவலைப்படுவது அந்த மாதிரி லைனைப் பற்றித்தான்.

1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை வார்டு வார்டாகப் பார்த்தார். நன்றாக நடக்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை நர்ஸ் இருந்த வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறைச் சொல்ல ஆட்கள் பயப்படவில்லை. மற்ற வார்டுகளில் நடந்தது வெளியே வரவில்லை.

வாய் திறக்காத லைனில் கண்ணால்தான் கேட்க வேண்டும். மிஷின் காலடியில் இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பிய பாட்டில் மத்தியானம் நாலு மணிக்கும் கழுத்துவரை நிறைந்திருந்தால் அந்தப் பெண் தண்ணீரே குடிக்கவில்லை என்று அர்த்தம். ஏன் குடிக்கவில்லை? குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் பீஸ் குறையும், திரும்பி வரும்போது யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் முதன்முதலாக ஒரு நாள் சாயங்காலம் லைன் முழுக்க நடந்து இப்படிப் பார்த்தேன். முப்பத்திரண்டு மிஷின், அதில் பதினொரு பாட்டில் தொடப்படவே இல்லை. பதினோராவது பாட்டிலுக்குச் சொந்தக்காரி, நீர்க்கடுப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வந்து நிற்கிறார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சூப்பர்வைசராக இருந்த மூன்றாவது வருடம். ஓவர்லாக்கில் ஒரு பெண், இருபது இருபத்தொரு வயது இருக்கும், திண்டுக்கல் பக்கம் ஊர், கை நல்ல வேகம். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "அக்கா, நூல் அறுந்துட்டே இருக்குங்க, வேற மிஷினுக்கு மாத்திவிடுங்க" என்றாள். மெக்கானிக்கை அனுப்பினேன். மிஷின் நன்றாக இருக்கிறது என்றார். புதன்கிழமை மறுபடி வந்தாள், மறுபடி மெக்கானிக். வியாழன், வெள்ளி. அதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மிஷின்ல ஒண்ணும் இல்ல கண்ணு, உன் கையிலதான் ஏதோ இருக்கு" என்று சொன்னேன். அவள் சிரித்த மாதிரி ஒரு முகம் காட்டிவிட்டுப் போனாள். சனிக்கிழமை சம்பள நாள். அவள் வரவில்லை. அந்த வாரக் கூலியை வாங்கக்கூட வரவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய கைமடி சொன்னாள். கட்டிங்கிலிருந்து பிட்டு (வெட்டிய துணித் துண்டு) கொண்டுவந்து போடுகிற ஆள், அந்த மிஷின் இருந்த மூலையில் வந்து முதுகை உரசிக்கொண்டு நிற்பானாம். நூல் ஒருநாளும் அறுந்ததில்லை. மிஷினை மாற்றச் சொன்னது அந்த மூலையிலிருந்து தப்பிக்க.

நான்கு நாள் வந்து சொன்னாள். நான்கு நாளும் நான் மிஷினைப் பற்றித்தான் கேட்டேன். "எந்த மிஷின் வேணும், ஏன் அது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், "அங்க நடுவுல இருக்கிறது" என்றிருப்பாள். நடுவில் ஏன் என்பதற்கு அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டிருக்கும்.

ஆட்கள் பெரிய விஷயத்தை நேரே கொண்டுவருவதில்லை. முதலில் ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஃபேன் ஓடவில்லை, ஸ்டூல் ஆடுகிறது, நூல் அறுகிறது. அதை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அதனால் ஒரே ஆள் ஒரே சின்ன விஷயத்துக்கு மூன்றாவது முறை வந்தால், மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

பீஸ் ரேட்டில் ஓடுகிற லைனில் பேச நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிற பீஸ் ரேட் டெய்லரிடம் ஐந்து நிமிடம் பேசினால் அந்த ஐந்து நிமிடக் காசு அவருடையது. "நான் உன் கஷ்டத்தைக் கேட்கிறேன்" என்று அவருடைய கூலியிலேயே கேட்பது சரியில்லை. டீ டைமில் கேட்கலாம் என்பார்கள். அது அவர் கால் நீட்டுகிற நேரம், அதையும் நாம் எடுக்கக் கூடாது. நான் செய்தது: வாரத்துக்கு ஒவ்வொரு டெய்லருக்கும் பத்து நிமிடம் கம்பெனி கணக்கில் எழுதச் சொல்லி ஆபீஸில் கேட்டு வாங்கினேன். மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். ஆல்டர் பீஸ் (தப்பாகி, திருத்தத் திரும்பி வருகிற பீஸ்) கணக்கைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் கம்பெனியில் கிடைக்காவிட்டால் நூல் மாற்றும் நேரம், ஸ்டைல் மாறும்போது லைன் காலியாக நிற்கும் நேரம் இருக்கிறது. அது யாருடைய காசும் இல்லை.

சொன்னதையெல்லாம் செய்து தர எனக்கு அதிகாரம் இல்லையே?

கேட்பதற்கு அதிகாரம் வேண்டாம், பதில் கொண்டுவர வேண்டும். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார், என்ன, எந்தத் தேதி. சனிக்கிழமைக்குள் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பதில் போய்ச் சேர வேண்டும். "மேனேஜர்கிட்ட கேட்டேன், முடியாதுன்னுட்டாரு" என்பதும் பதில்தான். முடியாது என்ற பதிலுக்கு யாரும் என்னிடம் கோபப்பட்டதில்லை. பதிலே வராமல் போனதற்குத்தான் கோபப்பட்டிருக்கிறார்கள்.

இரக்கம் காட்டினால் ஏமாற்ற மாட்டார்களா? ஒரே பாட்டி மூன்று முறை இறந்துபோகிறார்.

சிலர் ஏமாற்றுவார்கள். என்னையும் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆள் லீவுக்குப் பாட்டியைக் கொல்கிறார் என்றால், உண்மையான காரணத்தைச் சொன்னால் லீவு கிடைக்காது என்று அவர் நம்புகிறார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று சொன்ன ஒரு அம்மாவுக்கு "அதுக்கெல்லாம் லீவா?" என்று பதில் வந்ததை லைனில் முப்பது பேர் கேட்டிருப்பார்கள். அடுத்த முறை அந்த முப்பது பேருக்கும் சாவு வீடுதான் வரும்.

அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது வேறு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது வேறு. "உங்க நிலைமை புரியுது. ஆனா வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், இன்னைக்கு விட முடியாது. சனிக்கிழமை கட்டாயம் போங்க" என்று சொல்லலாம். சொன்னால் சனிக்கிழமை விட்டுவிட வேண்டும்.

ஒடிசா, பீகார் ஆட்களோடு மொழியே தெரியாமல் எப்படி?

"சமஜ் கயா?" (புரிந்ததா?) என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். ஒரு பீஸைக் கையில் கொடுத்து, "தைத்துக் காட்டு" என்று சைகை செய்யுங்கள். புரிந்ததா என்பதைக் கை சொல்லிவிடும். அப்புறம், லைனில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரையே எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அவர் ஆள் கூட்டிவந்த கான்ட்ராக்டருக்கு வேண்டியவராக இருப்பார். கான்ட்ராக்டர் பற்றிய புகார் அவர் வாய் வழியாக வராது.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பரவின. போலீஸ் அவை பொய் என்று அறிவித்தது, பீகாரிலிருந்து ஒரு குழுவே நேரில் வந்து விசாரித்தது. அந்த வாரம் என் ஃப்ளோரில் பையன்கள் ஒவ்வொருவராக வந்து "ஹோலி, சுட்டி" (ஹோலிக்கு லீவு) என்றார்கள். ஹோலிதானே என்று நானும் கையெழுத்துப் போட்டேன். ஒரு பையன் மட்டும் போனைத் திறந்து வீடியோவைக் காட்டினான். கை நடுங்கியது. பக்கத்தில் உட்கார வைத்து, அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போடச் சொல்லி, ஃப்ளோரைச் சுற்றிக் காட்டினோம். தமிழ் அக்காக்கள் எல்லாரும் கையாட்டினார்கள். மொழி தேவைப்படவில்லை. ஆனால் அவனுக்கு முன்னால் எத்தனை பேர் பயத்தை ஹோலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது எனக்கு இன்றும் தெரியாது.

ஒரு பெண், தொந்தரவு நடக்கிறது என்று சொன்னால்? "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால்?

முழுதாகக் கேளுங்கள். "அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லையே", "நீ ஏன் அப்பவே சொல்லல" என்ற இரண்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்யாதீர்கள். "உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்பதுவரை சொல்லலாம். கூப்பிட்டு வைத்துச் சமரசம் பேசும் வேலை உங்களுடையது இல்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பெண் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ தரப் பரிந்துரைக்கலாம். இவ்வளவையும் நீங்கள் அவளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும், குழுத் தலைவரின் போன் நம்பரோடு. வெளியே உதவி வேண்டுமென்றால் 181 பெண்கள் உதவி எண். மூலையில் நின்று உரசிய அந்த ஆள் எனக்குத் தெரிய வந்தபோது, இதில் பாதிகூட எனக்குத் தெரியாது.

பேசும்போது அழுதுவிட்டால்?

அழட்டும். "அழாதே" என்று சொல்ல வேண்டாம். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். அறைக் கதவைச் சாத்தாதீர்கள், மற்றவர்கள் பார்க்க முடிகிற, ஆனால் பேச்சு கேட்காத இடமாக இருக்கட்டும். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் போனிலேயே போட்டுக் கொடுங்கள்.

புகார்ப் பெட்டி வைத்திருக்கிறோமே, போதாதா?

பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த பெட்டிகளில் பாதி கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்தது. மீதி ஆபீஸ் வாசலில்.

எனக்கு மேலே இருப்பவர் நான் சொல்வதைக் கேட்பதே இல்லை. நான் மட்டும் கேட்க வேண்டுமா?

ஆமாம், கஷ்டம்தான். மேலிருந்து வரும் திட்டை அப்படியே கீழே இறக்கிவிடுவதுதான் சூப்பர்வைசர் வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மேலே போகும்போது கதையாகச் சொல்லாதீர்கள், நோட்டோடு போங்கள். "ஆட்கள் வருத்தப்படுறாங்க சார்" என்றால் காதில் ஏறாது. "மூணாவது வரிசை ஃபேன் ஒன்பது நாளா ஓடல, அந்த வரிசையில ஆல்டர் இவ்வளவு" என்றால் ஏறும். நின்றுகொண்டே வேலை பார்த்த கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2021இல்தான். அவர்கள் நிற்பதை அதுவரை யாரும் பார்க்காமலா இருந்தார்கள்? தினமும் பார்த்தோம். பார்த்துப் பழகிவிட்டது. உங்களோடு இன்னும் இரண்டு சூப்பர்வைசர்களைச் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அந்த ஓவர்லாக் பெண்ணை அப்புறம் பார்த்தீர்களா?

வகுப்பில் கடைசியில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போனதில்லை. பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில், இடுப்பில் குழந்தையோடு. அவளே "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. "நீங்க நாலு நாளும் மெக்கானிக்கை அனுப்புனீங்களேக்கா. வேற யாராவது இருந்தா முதல் நாளே திட்டி அனுப்பியிருப்பாங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது, குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்துவிட்டு ஏறிப்போனாள்.